பிறப்புக்கு விலை, பிழைப்புக்குப் பேரம்

“சாதி நாய்க்குட்டிகள் விற்பனைக்கு.” ஓசூர்ப் பேருந்து நிலையத்தை விட்டு அத்திப்பள்ளி எல்லையை நோக்கிச் செல்லும் சாலையில் சுவரொட்டியாகவும், கைப்பேசியைத் திறந்தால் விளம்பரமாகவும் நம் கண்ணில் படும் வாசகம் இது. படிக்கிறோம், நகர்கிறோம். எவரும் முகம் சுளிப்பதில்லை, எவரும் வெட்கப்படுவதில்லை. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே வால்போல் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி வீசச் சொன்னது. மனிதன் வெட்டி எறிந்த அந்த வாலை எடுத்து நாயின் பெயரில் ஒட்டவைத்து, ஒட்டியதற்கு விலையும் வைத்து, இன்று விற்றுக்கொண்டிருக்கிறோம்!

“நாய்க்குச் சாதி சொன்னால் நாட்டுக்கு என்ன கேடு?” என்று சிரிப்போர் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் ஒரு கணக்கைப் பார்க்கட்டும்.

நண்பர் ஒருவர், சிப்காட் தொழிற்பேட்டையில் நல்ல வேலை, நல்ல சம்பளம், முற்போக்கு பேசுபவர். பெங்களூருக்குச் சென்று இருபத்தைந்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்து ஹஸ்கிக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார். பனிநாட்டிலே சறுக்கு வண்டி இழுப்பதற்கென்று வளர்க்கப்பட்ட இனம் அது. ஓசூரை ‘குட்டி இங்கிலாந்து’ என்று வெள்ளையர் அழைத்ததுண்டு. ஆனால் இங்கிலாந்து வேறு, சைபீரியா வேறு என்பதை யாரும் அந்தக் குட்டியிடம் கேட்டறியவில்லை. தாய் நாயைக் காட்டினார்களா என்று வினவினேன், இல்லை என்றார். தடுப்பூசிச் சீட்டு? பிறகு அனுப்புவதாகச் சொன்னார்களாம். வயது? நாற்பது நாள். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டீர்களா என்றேன். “நல்ல சாதிக் குட்டிக்கு யாராவது பேரம் பேசுவார்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அதே நண்பரின் தம்பி, காப்பகம் ஒன்றிலிருந்து நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுக்க விரும்பினார். காப்பகத்தார் மூவாயிரம் ரூபாய் கேட்டனர். அண்ணனுக்கு வந்ததே சினம்! “தெருவில் கிடந்த நாய்க்கா மூவாயிரம்? இவர்கள் செய்வது சேவையா, வணிகமா?”

கேள்வி நியாயமானதுதானா? கேட்டவர் ஒருவர் மட்டுமல்லர். காப்பகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘இலவசம்’ என்று எண்ணுவோர் அத்தனை பேரும் கேட்கும் கேள்வி இது. ஆகவே இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இருபத்தைந்தாயிரம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? குட்டியின் உடல்நலத்திற்கு அன்று. நலத்திற்குச் சான்றே கொடுக்கப்படவில்லை. தாயின் பராமரிப்புக்கு அன்று. தாயை யாரும் பார்க்கவே இல்லை. இன்ன தந்தைக்கு, இன்ன தாய்க்குப் பிறந்தது என்ற சொல்லுக்காக, அந்தச் சொல்லின்மேல் வைத்த நம்பிக்கைக்காகக் கொடுக்கப்பட்டது. மூவாயிரம் எதற்காகக் கேட்கப்பட்டது? வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி, மற்ற தொற்றுகளுக்கான ஊசி, குடற்புழு நீக்க மருந்து, கருத்தடை அறுவை, அறுவைக்குப் பின் புண் ஆறும்வரை இடமும் உணவும், மருத்துவரின் ஊதியம். இத்தனையையும் வெளியே தனித்தனியாகச் செய்து பார்த்தால் மூவாயிரம் போதுமா என்பதை எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று பிறப்புக்குக் கொடுக்கும் விலை. மற்றது பிழைக்க வைத்ததற்கு ஆன செலவு. முதலாவதை மறுபேச்சின்றி எண்ணிக் கொடுக்கும் கை, இரண்டாவதைக் கண்டவுடன் பைக்குள் மறைந்துகொள்கிறது. இந்த விந்தையைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து புழங்கும் எல்லை ஊர். தமிழன் ‘சாதி நாய்’ என்கிறான். தெலுங்கர் ‘ஜாதி குக்க’ என்கிறார். கன்னடர் ‘ஜாதி நாயி’ என்கிறார். எத்தனையோ செய்திகளில் ஒத்துப்போகாத மூன்று மொழிகள் இந்த ஒரு சொல்லில் மட்டும் கைகோத்து நிற்கின்றன! வகுப்பில் ஒரு மாணவன், “சார், எங்க வீட்டு நாய் என்ன சாதி?” என்று கேட்டான். கேலிக்கு அன்று, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பலகைச் சிறுவன் சொன்னான்: “அதுக்கு ஏதுடா சாதி? அது சும்மா நாயி.” சாதி இல்லாதது ‘சும்மா’. பத்து வயதில் அந்தப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. எந்தப் பாடநூலில் இருந்தது அது?

மனிதச் சாதியைப் பேசும்போது நாயை இழுப்பதா என்று சிலர் வருந்தக்கூடும். வருத்தம் புரிகிறது. ஆனால் முதலில் இழுத்தவர்கள் நாம் அல்லர். பறை முழக்கிய மக்களின் பெயரை எடுத்து, ‘பரையா’ என்று ஆங்கிலத்தில் திரித்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளை அதற்கு ஏற்றினான் வெள்ளையன். அத்தோடு நிற்காமல், இந்தியத் தெருக்களில் திரிந்த நாய்க்கும் அதே பெயரைச் சூட்டி, நூல்களில் அச்சேற்றினான். இங்கிருந்த மேல்தட்டினர் அந்தப் பெயரை மறுத்தார்களா? இல்லை, வசதியாக எடுத்தாண்டார்கள். ஒரு மக்கள் கூட்டத்தையும் ஒரு விலங்கையும் ஒரே சொல்லால் இழிவுபடுத்திய அகராதி அது. அதைப் பிரித்துப் போடுவது நம் கடமையே தவிர, கண்டும் காணாதிருப்பது நாகரிகம் ஆகாது.

இனி, எதிர்த்தரப்பார் வாதத்துக்கு வருவோம். அவர்கள் சொல்வது இது: “மனிதரில் சாதி பொய், ஒப்புக்கொள்கிறோம். நாயில் இனம் மெய். வேட்டைநாய் ஓடும்; காவல்நாய் காக்கும். சிப்பிப்பாறையையும் பொமரேனியனையும் ஒன்றென்று எந்தப் பகுத்தறிவு கூறும்?” நல்ல வாதம். இதை ஊதித் தள்ளிவிட முடியாது. ஊதித் தள்ளவும் வேண்டியதில்லை. நாயின் உருவம், உயரம், மயிர், கால் நீளம் ஆகியவை பிறப்பால் வருவன. மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைத்து உண்டாக்கியவை. இனப்பெருக்கம் என்பது எங்கள் ஓசூருக்குப் புதிதும் அன்று. மத்திகிரிப் பண்ணையில் 1824-ஆம் ஆண்டிலேயே கும்பெனியார் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கினர். பின்னாளில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. அங்கே ‘எந்த வேலைக்கு, எந்த உழைப்புக்கு?’ என்ற கேள்வி முன்னே நின்றது. இனம் அதற்குப் பின்னே வந்தது.

நாய் வளர்ப்பிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1873-இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் தோன்றிய பின்னர், வேலை பின்னுக்குப் போயிற்று. தோற்றம் முன்னுக்கு வந்தது. இந்த இனத்துக்குக் காது இவ்வளவு மடிய வேண்டும், மூக்கு இவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வம்சாவளி ஏடு திறந்தார்கள். ஏட்டில் உள்ளது ஏட்டில் உள்ளதோடு மட்டுமே சேரலாம் என்று கதவை மூடினார்கள். அகமணம்! நமக்குப் பழகிய சொல்லன்றோ? மூக்கு தட்டையாகத் தட்டையாக மதிப்பு ஏறியது; பக் நாய் மூச்சுக்குத் திணறியது. தலை பெருக்கப் பெருக்கப் பரிசு கிடைத்தது. புல்டாக் தாயோ பெரும்பாலும் வயிற்றைக் கிழித்தே குட்டி ஈன வேண்டிய நிலைக்கு வந்தது.

குணம்? “இந்தச் சாதி நாய் பிள்ளைகளிடம் அன்பாக இருக்கும், அந்தச் சாதி நாய் கடிக்கும்” என்று விற்பவர் உறுதி கூறுகிறாரே? 2022-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில், அமெரிக்காவின் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறிந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாய்க்கு நாய் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே இனத்தால் விளங்குவது என்று அது கண்டது. மிச்சமெல்லாம் அந்தத் தனி நாய்க்கே உரிய இயல்பு, வளர்ந்த வீடு, பழகிய கை. உருவத்துக்கு இனம் பொறுப்பு. ஒழுக்கத்துக்கு அதன் பங்கு மிகச் சிறிது. ஒன்பது பங்கைக் காட்டி நூறு பங்குக்கு விலை வாங்குகிற வணிகத்துக்கு வேறு எந்தச் சந்தையில் என்ன பெயர் சொல்வோம்?

இந்த இடத்தில் புள்ளி நாய் ஒன்றின் கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வெள்ளை உடலில் கரும்புள்ளி போட்ட டால்மேஷியன் நாயைத் திரைப்படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்துக்கு ஒரு சாபம். சாபம் என்ற சொல் வேண்டா. ஒரு மரபணுக் குறை. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, கல் சேர்ந்து, சிறுநீர் அடைத்துத் துடிக்கும். ஏட்டில் பதிந்த கலப்பில்லாத டால்மேஷியன் அத்தனையிலும் இந்தக் குறை குடிகொண்டிருந்தது. நல்ல மரபணு கொண்ட ஒன்றே ஒன்று கூட அந்த ஏட்டுக்குள் இல்லை. இருந்திருந்தால் உள்ளேயே மருந்து கிடைத்திருக்கும். ராபர்ட் ஷெய்பில் என்ற அமெரிக்க மரபியலாளர் 1973-இல் ஒரு காரியம் செய்தார். ஒரே ஒரு முறை, பாயிண்டர் என்ற வேறு இன நாயோடு டால்மேஷியனை இணைத்தார். பிறந்த குட்டிகளில் குறையற்றவற்றைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் டால்மேஷியனோடே சேர்த்தார். ஐந்தாம் தலைமுறைக் குட்டிகளில் அந்த வேற்றினத்தின் பங்கு முப்பத்திரண்டில் ஒன்றுதான். புள்ளி இருந்தது, உருவம் இருந்தது, நோய் மட்டும் போயிருந்தது.

மகிழ்ந்தார்களா? 1981-இல் அமெரிக்க கென்னல் கிளப் அவற்றுள் இரண்டை ஏட்டில் ஏற்றியது. உடனே எழுந்தது கூக்குரல்! ‘தூய்மை கெட்டது, புள்ளி சிறுத்தது, கலப்பு புகுந்தது’ என்று டால்மேஷியன் வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். பதிவு நிறுத்தப்பட்டது. நலமான நாய்க்கு ஏட்டில் இடமில்லை. நோயுற்ற நாய்க்கு இடமுண்டு. ஏனெனில் நோயுற்றது தூயது! மறுபடி அந்தக் கதவு திறக்க 2011 வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் கல்லடைத்துத் துடித்த நாய்கள் எத்தனை என்று எந்த ஏடும் எழுதிவைக்கவில்லை. கலப்பு மணம் என்றவுடன் அரிவாள் எடுக்கும் நம்மூர்ப் பெருமைக்காரர்களின் முகம், கடல் கடந்த அந்த நாய்ப் பிரியர் கூட்டத்தில் எனக்குத் தெரிகிறது. ஒரு வேறுபாடு: அங்கே பகைக்கப்பட்டது நாய்க்குட்டி, இங்கே கொல்லப்படுவது பெற்ற பிள்ளை.

பிறப்பைப் போற்றும் மனம் எந்த நொடியிலும் பிறப்பைத் தூற்றவும் அணியமாக இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடைத் துறை, பிட்புல், ராட்வெய்லர் முதலிய 23 நாய் இனங்களைக் கொடியவை என்று பட்டியலிட்டு, அவற்றை விற்கவும் பெருக்கவும் தடை செய்யுமாறு மாநிலங்களுக்கு எழுதியது. உரியவர்களைக் கலந்து பேசாமல் எழுதப்பட்டது என்று, அடுத்த மாதமே, ஏப்ரல் 10-இல், எல்லைக்கு அப்பால் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. மே மாதத்தில் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. கட்டின்றி, வாய்ப்பூட்டின்றி நாயை விட்டவர் மனிதர். ஆனால் ஊர் பேசியதோ பெரும்பாலும் நாயின் வம்சத்தைப் பற்றி! பிறந்த கூட்டத்தை வைத்தே மனிதனைக் குற்றவாளி என்று முத்திரையிட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947-இல் ஒழித்த மாகாணம் நம்முடையது. வலிமை மிக்க நாயை வைத்திருப்பவருக்குக் கூடுதல் பொறுப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பொறுப்பை நாயின் பாட்டன் தலையில் ஏற்றிவிட்டு வளர்த்தவர் நழுவுவதைத்தான் மறுக்கிறேன்.

அப்படியானால் இனப்பெருக்கமே கூடாதா? நாட்டு இனங்களான இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை அழிந்துபோகட்டுமா? இந்தக் கேள்வியைத் தமிழ்ப் பற்றோடு கேட்பவர்கள் உண்டு. அந்தப் பற்றை மதிக்கிறேன். 2005-இல் அஞ்சல் துறை இராசபாளையம் நாய்க்கு முத்திரைத்தலை வெளியிட்டபோது மகிழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் தமிழ் நாய் என்பதால் மட்டும் பிறப்புப் பித்து நல்லதாகிவிடாது. பால்வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்குமே உயர்வு என்று தேடித் தேடிச் சேர்த்ததால், இராசபாளையத்துக் குட்டிகளுள் சில செவிடாகப் பிறக்கின்றன. நம் இனங்களைக் காக்கவென்று சென்னை சைதாப்பேட்டையில் அரசே ஒரு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்திவந்தது. அங்கே நாய்கள் இருந்த நிலையைக் குறித்து வழக்கு எழுந்து, ஆய்வு நடந்து, 2016 திசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை மூட ஆணையிட்டது. இனத்தைக் காக்கக் கட்டிய இடத்தில் நாயைக் காக்கத் தவறினார்கள். இனம் என்பது ஒரு பெயர். பசிப்பதும் நோவதும் அந்தப் பெயருக்கு அன்று, கூண்டில் கிடக்கும் உயிருக்கு.

2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் வந்துள்ளன. விற்பனைக்குக் குட்டி ஈனச் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெண் நாயை இணைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. நண்பர் வாங்கிவந்த நாற்பது நாள் குட்டியை இந்தக் கடைசி விதியோடு வைத்துப் பாருங்கள். மற்ற விதிகளைத் தாய் நாயோடு வைத்துப் பார்க்கலாம் என்றால், தாயைத்தான் காட்டவில்லையே! இந்த விதிகளுக்கு உட்பட்டு, தாயைக் கண்ணெதிரே காட்டி, விற்ற குட்டி வேண்டாம் என்று திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ளும் வளர்ப்பாளர் மீது எனக்குப் பகை இல்லை. அத்தகையோர் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் விற்கும் விலையில் பராமரிப்பும் அடங்கியிருக்கிறது. பதிவும் இல்லாமல், இருட்டுக் கொட்டகையில் ஈற்றுக்கு மேல் ஈற்றாகப் பிழிந்தெடுத்து, பால் வற்றியதும் சாலையில் விடுவோர் மீதுதான் பகை. வாங்குபவர் தாயைப் பார்க்காமல் பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொட்டகைக்கு ஒரு கூரை ஓடு கூடுகிறது.

கிருட்டினகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் செங்கம் வட்டாரம் இருக்கிறது. நடுகற்களுக்குப் பேர்பெற்ற மண். அங்கே எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று. போரில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வரைக் கடித்ததையும் தலைவனைக் காத்து நின்றதையும் கல் சொல்கிறது. பெயர் இருக்கிறது, செயல் இருக்கிறது, ஆயிரத்து நானூறு ஆண்டாக நிற்கிறது. அது என்ன இனம் என்று பொறிக்க அந்தக் கல்தச்சனுக்குத் தோன்றவில்லை.

சரி, மூவாயிரத்துக்குத் திரும்புவோம். “ஏழைக்கு அந்தத் தொகை பெரிதாயிற்றே, இலவசமாகக் கொடுத்தால் இன்னும் பல நாய்களுக்கு வீடு கிடைக்குமே” என்று கேட்கலாம். இலவசமாகக் கொடுத்தாலும் செலவு மறைந்துவிடாது. வேறொருவர் தோளுக்கு மாறும். காப்பகத்தில் அது யார் தோள்? இரவு பகலாகக் கழுவிப் பெருக்கும் பெண்ணின் குறைகூலி. மருத்துவரின் ஊதியமில்லா உழைப்பு. அடுத்து வரவிருக்கும் நாய்க்குப் போடாமல் விட்ட ஊசி. சேவை என்றால் யாரோ ஒருவர் பட்டினி கிடந்து செய்வது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. கோயில் உண்டியலில் போடும்போது கணக்குக் கேட்காத கை, காப்பகத்தின் கட்டணச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. கணக்குக் கேட்பது நல்லதே. காப்பகத்தார் கணக்கைப் பலகையில் எழுதித் தொங்கவிடட்டும். ஆனால் கணக்கு இருபக்கமும் கேட்கப்பட வேண்டும்.

இதில் பொதுநலமும் அடங்கியிருக்கிறது. அதை நாய்ப் பிரியர்கள் பல வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். உலகில் வெறிநாய்க்கடி நோயால் மாள்வோரில் 36 விழுக்காட்டினர் இந்தியர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள். அந்நோயால் 43 சாவுகள். கடிபடுவோரில் சிறுவர் மிகுதி. விடியற்காலை ஷிப்டுக்குப் பெற்றோர் போய்விட, தனியாக நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். குப்பைமேட்டருகே கூட்டமாக நாய் நிற்கும் தெருவில், அவர்கள் சுற்றுவழி தேடி நடக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை அற்பம் என்று சொல்லும் அன்பு எனக்கு வேண்டியதில்லை. நாயிடம் காட்டும் இரக்கத்துக்குப் பிள்ளையின் காலை ஈடாக வைக்க முடியாது.

அந்த அச்சம் நீதிமன்றத்தையும் எட்டியது. தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகத்து 11-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 22-ஆம் நாள் அதை மாற்றி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் அதற்கு விலக்கு. விரும்புவோர் தத்தெடுக்கவும் வழி சொன்னது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடலாகாது என்று நாடு முழுமைக்கும் ஆணை பிறந்தது. ஆணை சரியா தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிடித்த நாயை எங்கே வைப்பது, யார் சோறு போடுவது, யார் பணம் கொடுப்பது? காப்பகம் நிரம்பும், நிரம்பியபின் கதவு மூடும். தத்தெடுத்தல் அந்தக் கதவை மீண்டும் திறந்துவைக்கும் ஒரு வழி. கருத்தடையும் தடுப்பூசியுமே பெரிய வேலை; தத்து அதற்குத் துணை. அதனால்தான் அந்த மூவாயிரத்தை நான் நாயின் விலை என்று கருதவில்லை. தெருவில் உள்ள பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டிய தொகை அது. மாறாக, கருத்தடை செய்யாமல் வாங்கிவந்து, வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போகும்போது ஏரிக்கரையில் விடப்படும் சாதி நாய் என்ன செய்கிறது? இணைந்த அறுபத்து மூன்றாம் நாளளவில் தெருவுக்குக் குட்டிகளைத் தருகிறது. கொடுத்த இருபத்தைந்தாயிரத்தில் ஊருக்கு மிஞ்சிய வரவு அதுதான்.

கட்டணம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதனாலேயே ஏழைக்கு அது சுவராக நிற்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். தெருநாய்க்குக் கருத்தடை செய்வதும், வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சியின் கடமை என்று விதிகளே கூறுகின்றன. 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஓசூர் தன் எல்லைக்குள் தத்துப்போகும் நாய்க்கு அந்த இரண்டு செலவையும் ஏற்றால், காப்பகம் கேட்கும் தொகை பெரும்பங்கு இறங்கிவிடும். அதற்குப் பணம் எங்கே என்றால், பதிவு பெற்று விற்கப்படும் ஒவ்வொரு குட்டியின் மீதும் சிறு தீர்வை ஒன்று விதிக்கலாமே. பிறப்புக்கு மகிழ்ந்து கொடுப்பவர் பிழைப்புக்கும் கொஞ்சம் கொடுக்கட்டும். இருபத்தைந்தாயிரம் எண்ணியவருக்கு இருபத்தாறாயிரம் எண்ணத் தெரியாதா?

காப்பகத்தாரிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. தத்தெடுக்க வருவோரிடம் சில இடங்களில் நீட்டப்படும் படிவத்தைப் பார்த்தேன். சொந்த வீடா, வாடகை வீடா? மாத வருமானம் என்ன? வீட்டைச் சுற்றி மதில் உண்டா? ஒளிப்படம் இணைக்கவும். இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாயை வாங்கிப்போய் விற்றவர்களும் கைவிட்டவர்களும் கொடுத்த பாடம் அது. ஆனால் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஓர் அறைக்குள் ஐந்து பேர் வாழும் தொழிலாளிக்கு அந்த முதல் வினாவிலேயே விடை கிடைத்துவிடுகிறது: உனக்கில்லை. தெருநாய்க்குத் தினம் ஒரு பிடி சோறு வைப்பது பெரும்பாலும் அந்த லைன் வீட்டு வாசல்தான். மதிலும் காவலாளியும் உள்ள குடியிருப்பு அன்று. நாய்க்குச் சாதி இல்லை என்று சொல்லி நாயைக் கொடுப்பவர்கள், வளர்ப்பவருக்கு மதில் கேட்பது பொருந்துமா? கைவிடப்பட்ட ஹஸ்கிகளின் முதல் வீட்டுக்கு மதில் இருக்கவில்லையா?

வருமானத்தையும் மதிலையும் அடித்துவிட்டு, வேறு வினாக்களை அங்கே எழுதலாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் சம்மதித்தார்களா? ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் நாயை யாரிடம் விடுவீர்கள்? அடுத்த ஆண்டு ஊசிக்கு எந்த மாதம் வர வேண்டும் என்று தெரியுமா? பகல் முழுதும் நாயோடு இருப்பவர் யார்? இந்தக் கடைசி வினாவுக்குச் சம்பளக்காரர் வீட்டில் பல வேளை பதில் இராது; இருவரும் பெங்களூருக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள். லைன் வீட்டில் இருக்கும். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு, மூன்று மொழியிலும் நாயைத் திட்டத் தெரிந்த ஒரு பாட்டி அங்கே உட்கார்ந்திருப்பார்.